எலக்ட்ரான் கற்றையை கண்ணால பாக்கறது எப்படி? பழைய டிவிடி பிளேயர்ல ஆரம்பிச்சு பிக்சர் டியூப் வரைக்கும்

தருமபுரியில இருந்து பாலக்கோடு போற வழியில ஒரு பழைய இரும்புக் கடை. போன மாசம் ஒரு மோட்டார் தேடி அங்க போனப்போ முப்பது நாப்பது டிவி மழையில நனைஞ்சுகிட்டு அடுக்கி கெடந்துச்சு, பாதிக்கு மேல 2006க்கு அப்புறம் அரசாங்கம் வீட்டுக்கு ஒன்னுன்னு இலவசமா குடுத்துச்சே அந்த 14 இஞ்ச் கலர் டிவி தான். கூட வந்த பையன் எங்க தெரு, ப்ளஸ் டூ படிக்கறான், "ண்ணா, கேத்தோடு கதிர்னு ஃபிசிக்ஸ்ல வருது, தாம்சன் அதை வளைச்சாருன்னு இருக்குது, அதையெல்லாம் பாக்கணும்னா பெங்களூர் தான் போவணுமா"ன்னு கேட்டான். கேட்டவன் அந்த டிவி குவியல் மேல சாஞ்சு நின்னுகிட்டு இருந்தான், அதுல ஒவ்வொரு டிவியோட பிக்சர் டியூபும் கேத்தோடு கதிர் ஓடற டியூப் தான்.

அவனுக்கு சொன்னதை தான் கொஞ்சம் விரிச்சு இங்க எழுதறன். புதுசா ஆரம்பிக்கறவங்க எல்லாரும் பண்ற தப்பு, நேரா டிவியோட பின் மூடியை கழட்டறது. வேண்டாங்க. வோல்டேஜ் கம்மியா இருக்கறதுல இருந்து மேல ஏறி போகணும், அதுல பாதி வேலைக்கு ஸ்க்ரூ டிரைவரே தேவையில்ல.

முதல்ல ரெண்டு நிமிஷ தியரி

களி கிண்டும்போது பானையில இருந்து ஆவி எழும்புது இல்ல, அதே மாதிரி உலோகத்தை நல்லா சூடாக்குனா அதுல இருந்து எலக்ட்ரான் எழும்பும். சும்மா உலோகமா இருந்தா ரொம்ப சூடு வேணும், அதனால நிக்கல் குழாய் மேல பேரியம், ஸ்ட்ரான்ஷியம் ஆக்சைடு பூசி வச்சிருப்பாங்க, அப்போ சுமார் 800 டிகிரியிலயே தாராளமா கெளம்பிடும். இது தான் கேத்தோடு. எதுத்தாப்புல பிளஸ் வோல்டேஜ் குடுத்த ஆனோடு இருந்தா மைனஸ் ஆன எலக்ட்ரான் அதை பாத்து ஓடும், இந்த ஓட்டத்தை தான் கேத்தோடு கதிர்னு சொல்றாங்க. நடுவுல காத்து இருந்தா தலைமுடி தடிமன் தூரம் போறதுக்குள்ள ஏதாவது ஒரு மூலக்கூறுல முட்டிக்கும், அதுக்காக தான் டியூப்ல இருக்கற காத்தை எல்லாம் உறிஞ்சி எடுத்துட்டு சீல் வைக்கறாங்க. கேத்தோடுக்கும் ஆனோடுக்கும் நடுவுல கிரிட்னு ஒன்னு, அது கிருஷ்ணகிரி கேஆர்பி டேம்ல தண்ணியை நிறுத்தற ஷட்டர் மாதிரி, அதுல மைனஸ் வோல்டேஜை ஏத்துனா வரத்து கொறையும், எறக்குனா கூடும். டேம் ஷட்டரை தூக்க மோட்டார் வேணும், இங்க ஒரு சின்ன சிக்னலே போதும்.

இன்னொரு விஷயம் எனக்கு ரொம்ப நாள் தெரியாது. ஜே.ஜே. தாம்சன் இந்த கதிர் சின்ன சின்ன துகள்னு காட்டுனது 1897ல, ஜெர்மனியில ஃபெர்டினாண்ட் பிரவுன்ங்கற விஞ்ஞானி அதே கதிரை திரையில அடிச்சு மின்சாரத்தோட அலையை பாக்க முடியும்னு முதல் டியூப் பண்ணதும் அதே 1897ல தான். அது என்னன்னு ஒருத்தர் முடிவு பண்ற வருஷத்துலயே இன்னொருத்தர் அதை வேலைக்கு வச்சுட்டாரு.

படி 1: டிவிடி பிளேயர்

பழைய டிவிடி பிளேயர், விசிடி பிளேயர், ஆம்ப்ளிஃபையர்ல நீலமும் பச்சையும் கலந்த கலர்ல நம்பர் எரியும் பாருங்க, அது நெறைய பேர் நெனைக்கற மாதிரி எல்ஈடி இல்ல. அதுவும் ஒரு வெற்றிடக் குழாய் தான், தட்டையா இருக்கறதால யாரும் அப்படி நெனைக்கறதில்ல. ராத்திரி லைட்டை அணைச்சுட்டு கண்ணாடிக்கு பக்கத்துல சாய்வா பாருங்க, எழுத்துக்கு முன்னாடி தலைமுடியை விட மெலிசா ரெண்டு மூணு கம்பி நீட்டா ஓடும். அது தான் ஃபிலமென்ட், கேத்தோடும் அதே தான். அதுக்கு பின்னாடி வலை மாதிரி கிரிட், கடைசியில எழுத்து வடிவத்துல பாஸ்பர், அதாவது எலக்ட்ரான் பட்டா ஒளிர்ற பொடி, பூசுன ஆனோடு. சில பத்து வோல்ட்ல வேலை முடிஞ்சுடுது.

நல்ல ஸ்பீக்கர் காந்தம் ஒன்னை கிட்ட கொண்டு போங்க. எழுத்து அங்கங்க மங்கும், வெளிச்சம் திட்டு திட்டா ஆகும். கல்லு மாதிரி உக்காந்திருக்கற எல்ஈடியை காந்தம் ஒன்னும் பண்ணாது, பறந்து வர்ற எலக்ட்ரானை பண்ணும். ஆனா இது கற்றை இல்ல, தூறல். ஹோஸ் பைப்ல அடிக்கற தண்ணி மாதிரி ஒரே கோடா வரணும்னா அடுத்த படிக்கு போகணும். பிளேயர் மூடியை தெறக்காதீங்க, உள்ள பவர் சப்ளையில 300 வோல்ட்டுக்கு மேல நிக்கும்.

படி 2: சிஆர்ஓ

சிஆர்ஓன்னா கேத்தோடு ரே ஆசிலாஸ்கோப், மின் அலையை திரையில வரைஞ்சு காட்டற கருவி. இது தான் இந்த கட்டுரையோட உயிர், இங்க நெறைய நேரம் செலவு பண்ணுங்க. பாலிடெக்னிக், காலேஜ் லேப்ல டிஜிட்டல் வந்ததும் பழைய சிஆர்ஓவை ஏலம் விட்டுடறாங்க, பெங்களூர்ல எலக்ட்ரானிக்ஸ் கடைங்க இருக்கற எஸ்.பி. ரோட்டுல செகண்ட் ஹேண்ட்ல கெடைக்கும், கிருஷ்ணகிரி ஓசூர் பக்கம் இருக்கறவங்க காலையில பஸ் ஏறுனா மதியத்துக்குள்ள வாங்கிட்டு வந்துடலாம். 20 மெகாஹெர்ட்ஸ் போதும். வாங்கும்போது ஆன் பண்ணி காட்டச் சொல்லுங்க, திரையில கோடு வருதா, ஃபோகஸ் திருப்புனா கோடு மெலியுதா, இது ரெண்டும் இருந்தா போதும், மத்த நாப்ல கொஞ்சம் கரகரன்னு இருந்தா பரவால்ல. நடுவுல கருப்பா தீஞ்ச புள்ளி இருந்தா யாரோ கற்றையை ஒரே எடத்துல நிறுத்திட்டு டீ குடிக்க போயிருக்காங்கன்னு அர்த்தம்.

வீட்டுக்கு கொண்டு வந்ததும் எக்ஸ்-ஒய் மோடுல போடுங்க, அதுல கற்றை தானா பக்கவாட்டுல ஓடாது. கோடு போயி ஒரே ஒரு பச்சை புள்ளி நிக்கும். உடனே இன்டென்சிட்டியை கொறைங்க, மங்கலா தெரிஞ்சா போதும், இல்லன்னா நீங்களும் தீச்சுடுவீங்க. நீங்க பாத்துகிட்டு இருக்கறது கற்றை வந்து முட்டற எடம். இன்டென்சிட்டி நாபை திருப்பறது மேல சொன்ன கிரிட் ஷட்டரை தூக்கறது தான், ஃபோகஸ் நாபை திருப்பறது வழியில இருக்கற குழாய்களோட வோல்டேஜை மாத்தி, லென்ஸ்ல வெளிச்சத்தை குவிக்கற மாதிரி எலக்ட்ரானை குவிக்கறது. கண்ணாடி லென்ஸ் ஒன்னும் உள்ள கெடையாது, வெறும் மின்புலம் தான் லென்ஸ்.

இப்ப ஒரு டார்ச் செல் எடுங்க, 1.5 வோல்ட். செங்குத்து சேனல்ல திரையில இருக்கற ஒரு கட்டத்துக்கு 1 வோல்ட், டிசி கப்ளிங்னு வச்சுகிட்டு புரோபை, அதாவது சிஆர்ஓவோட அளக்கற ஒயர் முனையை, செல்லோட பிளஸ்லயும் அதோட கருப்பு கிளிப்பை மைனஸ்லயும் தொடுங்க, புள்ளி ஒன்னரை கட்டம் மேல குதிக்கும். செல்லை திருப்பி புடிச்சா ஒன்னரை கட்டம் கீழ. இதை மொத மொத பண்ணப்போ நான் பத்து தடவை மாத்தி மாத்தி தொட்டுகிட்டே இருந்தேன், புக்ல நாலு வருஷம் படிச்சதை ஒரு டார்ச் செல் காட்டிடுச்சு. உள்ள என்ன நடக்குதுன்னா, செல் வோல்டேஜை ஆம்ப்ளிஃபையர் பெருசாக்கி ரெண்டு தகட்டுக்கு குடுக்குது, அந்த தகட்டுக்கு நடுவுல கற்றை போகும்போது பிளஸ் பக்கம் இழுபடுது.

அடுத்தது 6 வோல்ட் டிரான்ஸ்ஃபார்மர். கட்டத்துக்கு 5 வோல்ட்னு வச்சு அதோட செகண்டரியை குடுங்க, புள்ளி நீண்டு மூணரை கட்டத்துக்கு ஒரு செங்குத்துக் கோடா ஆயிடும், லோடு இல்லாததால கொஞ்சம் கூடவே வரும். புள்ளி தான் செகண்டுக்கு 50 தடவை ஏறி எறங்குது, கண்ணுக்கு கோடா தெரியுது. எக்ஸ்-ஒய்யை எடுத்துட்டு, கற்றையை பக்கவாட்டுல ஓட்டற டைம்பேஸை போட்டீங்கன்னா அதே கோடு பக்கவாட்டுல விரிஞ்சு அலையா வரும். 6 வோல்ட்னு எழுதியிருக்கறது உச்சியில இருந்து உச்சிக்கு ஏன் 17 வோல்ட் காட்டுதுன்னு யோசிச்சு பாருங்க, விடை ரூட் ரெண்டுல இருக்குது.

நல்லா கேட்டுக்கோங்க, புரோபை நேரா வீட்டு கரண்ட்லயோ டிவி போர்டுலயோ வைக்கக் கூடாது. சிஆர்ஓவோட கருப்பு கிளிப் உள்ளுக்குள்ள எர்த்தோட சேர்ந்திருக்குது, டிவி போர்டோட கிரவுண்ட் நெறைய மாடல்ல நேரா மெயின்ஸ்ல தொங்குது, ரெண்டும் சேர்ந்தா டமார் தான். டிரான்ஸ்ஃபார்மர், செல், இதோட நிறுத்திக்கோங்க.

காந்தம்: நம்ப முடியாத பக்கம் போகும்

புள்ளியை நடுவுல வச்சுட்டு ஒரு காந்தத்தோட வடதுருவத்தை திரைக்கு மேல இருந்து கீழ பாத்த மாதிரி கொண்டு வாங்க. புள்ளி எந்த பக்கம் போகும்? நான் கேட்ட பத்து பேர்ல ஒம்பது பேர் மேல போகும், இல்லன்னா கீழ போகும்னு தான் சொன்னாங்க, காந்தம்னா இழுக்கணும் இல்லன்னா தள்ளணும்னு மனசுல இருக்குது. ஆனா புள்ளி உங்களுக்கு இடது கை பக்கம் போகும். தென்துருவத்தை காட்டுனா வலது பக்கம். காந்தம் கற்றையை தன் பக்கம் இழுக்கவும் இல்ல தள்ளவும் இல்ல, குறுக்கால திருப்புது. ஃப்ளெமிங் இடக்கை விதியை வச்சு சரி பாருங்க, எலக்ட்ரான் உங்களை பாத்து வருதுன்னா மின்னோட்டத்தோட திசை அதுக்கு எதிர்ப்பக்கம், அதை மறந்தா விடை தலைகீழா வரும். நெறைய சிஆர்ஓவுல டியூபை சுத்தி காந்தத்தை தடுக்கற உலோகக் கவசம் இருக்கும், அதனால பக்கவாட்டுல வச்சா அசையாது, திரை ஓரத்துல வைங்க.

கவசம் இருந்தும் பூமியோட காந்தம் கொஞ்சம் நுழைஞ்சுடும். சிஆர்ஓவை வடக்கு பாத்து வச்சு கோட்டை நேரா வச்சுட்டு அப்புறம் கெழக்கு பாத்து திருப்புங்க, கோடு துளி சாயலாம். முன் பேனல்ல டிரேஸ் ரொட்டேஷன்னு ஒரு சின்ன திருகு குடுத்திருக்கறது அதுக்கு தான்.

எவ்ளோ வேகம்

கணக்கு சுலபம். முடுக்கற வோல்டேஜுக்கு வர்க்கமூலம் எடுத்து 593ஆல பெருக்குங்க, செகண்டுக்கு எத்தனை கிலோமீட்டர்னு வரும். சாதாரண சிஆர்ஓவுல சுமார் 2000 வோல்ட்னு வச்சா 26,500 கிலோமீட்டர், அதாவது ஒன்னரை செகண்டுல பூமியை ஒரு சுத்து. கலர் டிவியில 22,000 வோல்ட்னா இந்த கணக்கு 88 ஆயிரம்னு காட்டும், நிஜத்துல 85 ஆயிரம் தான் வரும். மிச்சம் எங்க போச்சுன்னா, ஒளியோட வேகத்துல கால் பங்கை தாண்டிட்டதால ஐன்ஸ்டீனோட சார்பியல் கணக்கு வந்துடுது. அம்மா சீரியல் பாத்த டிவியில சார்பியல் ஓடிகிட்டு இருந்துச்சுன்னு எங்க அம்மாகிட்ட சொன்னேன், "அதுக்கு மாசம் எவ்ளோ கட்டணும்"னு கேட்டாங்க.

படி 3: டிவி, மூடியை கழட்டாம

பிளாக் அண்ட் வைட் டிவி கெடைச்சா உங்க அதிர்ஷ்டம். ஓடற படத்துக்கு பக்கத்துல காந்தத்தை கொண்டு போங்க, படம் கடையில முறுக்கு புழியற மாதிரி சுருண்டு வளையும், எடுத்தா பழையபடி வந்துடும். கலர் டிவியில இதை பண்ணாதீங்க. நான் எட்டாவது படிக்கும்போது பண்ணேன். கலர் டியூப்ல எலக்ட்ரானை கற்றையா அனுப்பற கன் மூணு, அதுக்கும் திரைக்கும் நடுவுல ஆயிரக்கணக்கான ஓட்டை போட்ட இரும்புத் தகடு, செவப்பு கன் செவப்பு பாஸ்பர்ல மட்டும் படறதுக்காக. காந்தம் பட்டா அந்த தகடே காந்தம் ஆயிடும், கலர் மாறி பூந்துடும். "டேய் என்னடா பண்ண, பொண்ணோட மூஞ்சியெல்லாம் பச்சையா இருக்குது"ன்னு அம்மா கத்துனது இன்னும் காதுல இருக்குது. ஆன் பண்ணும்போது தொம்முனு ஒரு சத்தம் வருமே, அது டீகாஸ் காயில், இந்த கறையை அழிக்கறதுக்குன்னே வச்சது, லேசா இருந்தா நாலஞ்சு தடவை ஆறவிட்டு ஆன் பண்ணா போயிடும். எனக்கு ஒரு வாரம் ஆச்சு.

காந்தம் இல்லாமலும் பாக்க நெறைய இருக்குது. ஆன் பண்ணதும் திரை கிட்ட முழங்கையை கொண்டு போனா முடி எழும்பும், உள்ள இருக்கற ஆயிரக்கணக்கான வோல்ட்டோட வேலை. பழைய செட்டை ஆஃப் பண்ணா நடுவுல ஒரு வெள்ளைப் புள்ளி கொஞ்ச நேரம் நிக்கும், கேத்தோடு சூடு ஆறல, டியூப்ல வோல்டேஜ் மிச்சம் இருக்குது, கற்றையை அலைய விடற யோக், அதாவது டியூப் கழுத்தை சுத்தி இருக்கற காயில், மட்டும் நின்னுடுச்சு, அதனால வர்ற எலக்ட்ரான் எல்லாம் நடுவுலயே விழுது. மெக்கானிக்குங்க "ஒத்தை கோடு"ன்னு சொல்ற ஃபால்ட் ஒன்னு, திரை முழுக்க கருப்பா நடுவுல மட்டும் படுத்த கோடு, அது செங்குத்து காயிலுக்கு கரண்ட் போகலன்னு அர்த்தம். ஆனா செங்குத்தா ஒத்தை கோடு அபூர்வம், ஏன்னா கெடைமட்ட சர்க்யூட் தான் பெரிய வோல்டேஜையும் தயாரிக்குது, அது படுத்தா வெளிச்சமே வராது.

செகண்டுக்கு 25 படம், படத்துக்கு 625 கோடு, பெருக்குனா 15,625. கற்றை செகண்டுக்கு அத்தனை தடவை இடது பக்கம் இருந்து வலது பக்கம் ஓடுது, அந்த அதிர்வு தான் கீய்ய்னு மெலிசா கேக்கற சத்தம். எனக்கு இப்ப கேக்கறதில்ல, எங்க அக்கா பையன் பக்கத்து ரூம்ல இருந்தே "மாமா, டிவி ஆன்ல இருக்குது"ன்னு சொல்றான்.

படி 4: மூடியை கழட்டியே தீரணும்னா

தனியா பண்ணாதீங்க, மொத தடவை டிவி ரிப்பேர் பாத்து பழகுன ஒருத்தரை பக்கத்துல வச்சுக்கோங்க. பயப்பட வேண்டியது மூணு எடம்.

ஒன்னு, டியூப் மேல ரப்பர் தொப்பி போட்ட ஒயர், ஆனோடு. டியூபோட உள்ளயும் வெளியயும் கரி பூச்சு, நடுவுல கண்ணாடி, ஆக மொத்தம் டியூபே ஒரு கண்டன்சர், பிளக்கை உருவுன பிறகும் சார்ஜ் நிக்கும். ஒயரோட ஒரு முனையை டியூப் முதுகுல ஓடற வெறும் பின்னல் கம்பியில மொதல்ல மாட்டிட்டு, மறு முனையை நல்ல இன்சுலேஷன் இருக்கற நீள ஸ்க்ரூ டிரைவர்ல கட்டி, ஒரு கையை பாக்கெட்ல விட்டுகிட்டு, தொப்பிக்கு அடியில நுழைச்சு உள்ள இருக்கற உலோகத்தை தொடணும். டப்புன்னு ஒரு சத்தம் வரும், வராமலும் போகும். பத்து நிமிஷம் கழிச்சு மறுபடியும் பண்ணுங்க, கண்ணாடியில ஊறி இருந்த சார்ஜ் திரும்ப வெளிய வந்து நிக்கும். நான் ஒரு தடவையோட விட்டுட்டு கை வச்சேன், அடிச்ச அடியில முழங்கை செவுத்துல போயி மோதி தோல் உரிஞ்சது தான் மிச்சம், டியூப் கையில இருந்திருந்தா வேற கதை.

ரெண்டு, பவர் சப்ளையில இருக்கற பெரிய மெயின் கண்டன்சர், 230ஐ ரூட் ரெண்டால பெருக்குனா வர்ற 325 வோல்ட் அதுல இருக்கும். ஹோல்டரோட ஒரு 60 வாட் குண்டு பல்பை அதோட ரெண்டு கால்லயும் தொட வச்சு காலி பண்ணுங்க, ஸ்க்ரூ டிரைவரை வச்சு ஷார்ட் பண்றது வீரம் இல்ல.

மூணு, காத்து. 14 இஞ்ச் திரை மேல மட்டும் வெளிக்காத்து சுமார் 600 கிலோ எடைக்கு அமுக்குது, 12 சிமெண்ட் மூட்டை. முன் பக்கம் கனம், பின் கழுத்து தான் மெலிசு. கழுத்தை புடிச்சு தூக்காதீங்க, கண்ணுக்கு கண்ணாடி போடுங்க.

இதெல்லாம் முடிஞ்சா கழுத்துக்குள்ள பாருங்க, கன் முழுசா தெரியும், ஹீட்டர் ஒயர், கேத்தோடு குழாய், கிரிட் தட்டுகள் வரிசையா. கழுத்து பக்கம் கண்ணாடிக்குள்ள வெள்ளி பூசுன மாதிரி பளபளன்னு ஒரு திட்டு இருக்கும், அது கெட்டர், மிச்சம் மீதி காத்தை புடிச்சு வச்சுக்கற பேரியம். அது பால் மாதிரி வெளுத்து போயிருந்தா உள்ள காத்து பூந்துடுச்சு, அந்த டியூப் அவ்ளோ தான். திட்டு பளபளன்னு இருந்தும் படம் மங்கலா வந்தா "டியூப் வீக்"னு சொல்வாங்க, கேத்தோடு மேல இருந்த பூச்சு தீந்துபோச்சு. சில மெக்கானிக்குங்க 6.3 வோல்ட் ஹீட்டருக்கு கொஞ்சம் கூட குடுத்து இன்னும் ஆறு மாசம் ஓட்டிடுவாங்க.

பரிசோதனை எல்லாம் முடிஞ்ச டியூபை வீட்டுல உடைக்காதீங்க, கண்ணாடியில ஈயம் கலந்திருக்குது, உள்ள பாஸ்பர் பொடி வேற. மின்கழிவு எடுக்கறவங்ககிட்ட முழுசா குடுத்துடுங்க. குடுக்கறதுக்கு முன்னாடி யோக்கோட கிளாம்ப் திருகை தளர்த்தி பாருங்க, சுலபமா உருவிகிட்டு வந்தா எடுத்து வச்சுக்கோங்க, அந்த செம்புக் கம்பி காயில் சுத்த நல்லா ஒதவும். பசை போட்டு ஒட்டியிருந்தா விட்டுடுங்க, இழுத்தா கழுத்து தான் ஒடையும்.